வாயில் இருந்ததை எடுக்கச் சொன்ன படம்

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு இருபது கட்டுரைகள் வந்தன. கறுப்பு வெள்ளையில் எடுத்த மனித முகங்களைப் பார்த்து மாணவர்கள் எழுதிய 'எதிர்வினை'கள். படங்களையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். எல்லாம் அவர்களே லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இரண்டு நாள் போய் எடுத்தவை. செல்போனில் வண்ணத்தில் எடுத்து, திரும்பி வரும் பேருந்திலேயே விரலால் ஒரு தட்டுத் தட்டிக் கறுப்பு வெள்ளை ஆக்கியிருக்கிறார்கள். ஏன் என்று அவர்களுடைய ஆசிரியையைத் தொலைபேசியில் கேட்டேன். "கறுப்பு வெள்ளையிலதான் சார் உண்மை தெரியும்" என்றார். எங்கள் காலத்தில் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறு பிலிமை அலுவலகம் வாங்கித் தரவில்லை. உண்மையைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவும் இல்லை.

இருபது கட்டுரைகளில் பதினான்கில் காலம் உறைந்திருக்கிறது. ஒன்பதில் கடல் மௌன சாட்சியாக நிற்கிறது. வலையில் கிழிசல் பார்க்கிற ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். 'எதிர்காலத்தை ஊடுருவும் பார்வை' என்று ஒரு மாணவர் எழுதுகிறார். காலை எட்டு மணிக்குக் கிழக்கு பார்த்து உட்கார வைத்தால் நானும் எதிர்காலத்தை ஊடுருவுவேன். மீன் காயப்போடுகிற ஓர் அம்மாளின் கைச் சுருக்கங்களில் இன்னொருவர் 'வரலாற்றின் வரைபட'த்தைக் கண்டிருக்கிறார். அந்தச் சுருக்கங்களைக் கணினியில் தோண்டி ஆழமாக்கியவரும் அவரே. அம்மாளின் பெயர் என்ன, காய்வது என்ன மீன், படம் எடுத்தபோது மணி என்ன, இதற்கெல்லாம் ஒரு வரி கிடையாது.

ஆசிரியை நல்லவர். "ஒரு முகப் படத்தை எப்படிப் படிக்கணும்னு உங்க அனுபவத்திலேர்ந்து எழுதிக் கொடுங்க சார், பசங்களுக்குக் கொஞ்சம் ஊக்கமா இருக்கும்" என்றார். ஊக்கம் என்னிடம் இருப்பு இல்லை. ஒரு தவறு இருக்கிறது. அது என்னுடையது. இந்தப் பிள்ளைகளில் எவரும் அவ்வளவு பெரிய தவறு இன்னும் செய்யவில்லை என்பதால் தயங்காமல் எழுதுகிறேன்.

நான் முப்பத்தோரு வருடம் ஒரு அரசுத் துறையில் புகைப்படக்காரனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மீஞ்சூரில் இருக்கிறேன். இயற்பியலில் முதுகலை படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனேன். முதல் இரண்டு வருடம் இருட்டறையில் தட்டுக் கழுவினேன், ஹைப்போ உப்பு கரைத்தேன், ஓடுகிற தண்ணீரில் படங்களை அலசினேன். ஒளியின் அலைநீளம் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

என் மேலதிகாரி தணிகாசலம், துறையின் தலைமைப் புகைப்படக்காரர். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் முகம் ஆளை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. பிறகு நேராக்கி, முகத்தின்மேல் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து மறைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தையெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். கை, கால், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னால் என்ன. டிக்கெட் கடைசியில்தான் எடுக்கப்படும். எடுத்ததும் ஒரே கேள்வி: "இன்னாய்யா தெரியுது?"

புதிதாகச் சேர்ந்தபோது நான் "சோகம் தெரியுது சார்" என்றேன்.

"எந்த எடத்துல? வெரல வச்சுக் காட்டு."

வைக்க இடம் இல்லாமல் என் விரல் படத்தின்மேல் சுற்றியது. "கைரேகை படப்போவுது, எடு" என்றார்.

ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ஒரு பதிவேடு இருந்தது. இடம், நேரம், வெளிச்சம், ஆளின் பெயர், படம் எடுக்கும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், நாம் அவரை என்ன செய்யச் சொன்னோம். கடைசிக் கட்டத்தை எல்லோரும் காலியாக விடுவோம். எதையும் செய்யச் சொல்லவில்லை என்று அர்த்தம். அந்த அலுவலகத்தில் எழுதாமலே சொல்லப்பட்ட மிகப் பெரிய பொய் அதுதான்.

இனி என் தவறு. பழவேற்காடு ஏரியில் தோணிரேவுக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் கையாலேயே எறா என்கிற இறால் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. வத்தத் தண்ணியில், அதாவது ஏரி வடிந்து கிடக்கிற இரண்டு மூன்று மணி நேரத்தில், கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தொங்குகிற பறி வாயிலிருந்து நெஞ்சு வரை வரும்.

அந்த வருடம் ஒரு உத்தரவு வந்தது. முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமில்லாத இடங்களில் சங்கப் பட்டியலில் பேர் உள்ள மீனவர் மட்டுமே இறங்கலாம். மற்றவரைக் காவலாள் கரையேற்றிவிடுவார். பட்டியலில் சேர விண்ணப்பம் வேண்டும், இரண்டு படம் வேண்டும். ஒன்று முகம்: நேர்ப்பார்வை, வெள்ளைப் பின்னணி, வாய் மூடியிருக்க வேண்டும். இரண்டாவது, தொழில் கருவியுடன். கடலோரக் குப்பத்துக்காரர்கள் படகுக்குப் பக்கத்தில் நின்றார்கள், ஏரிக்காரர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள், முடிந்தது. கையால் பிடிக்கிறவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று துறைக்கே தெரியவில்லை. முதலில் ஒரு விண்ணப்பம் வரட்டும், அது தேறினால் மற்றதைப் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு விண்ணப்பம் கன்னியம்மாவுடையது. புருஷன் இல்லை, ஏரியை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

என்னை அனுப்பினார்கள். தணிகாசலம் அப்போது விடுப்பில் இருந்தார். கரையில் வெள்ளைத் துணி கட்டி முகப்படத்தை எடுத்து முடித்தேன். இரண்டாவது படத்துக்கு அவள் தண்ணீரில் இறங்கினாள். அன்றைக்கு மேகத்தினூடே வந்த வெளிச்சம் அபாரமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வரிசையாக நின்ற ஆட்களை எடுத்து அலுத்துப்போயிருந்த எனக்கு, கலைஞன் என்ற நினைப்பு அந்த நிமிஷத்தில் வந்து தொலைத்தது. பறி மட்டும் இடைஞ்சல். முகத்தில் பாதியை மறைத்தது.

"அம்மா, எழுந்து நில்லுங்க. வாயில இருக்கறதை எடுத்துடுங்க" என்றேன்.

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னாத்துக்கு?"

"முகம் தெரியலைம்மா."

"மூஞ்சிதான் அங்க துணி கட்டி எடுத்தியே நைனா. ஊருக்குப் போயி ரெண்டையும் ஒட்டிக்கோ."

"சொல்றதைக் கேளுங்கம்மா. நல்லா வரும்."

பறியைக் கரையில் வீசினாள். நான் பன்னிரண்டு படம் எடுத்தேன். இப்படித் திரும்புங்கள், அப்படிப் பாருங்கள், சிரிக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதிவேட்டில் 'நின்றுகொண்டிருந்தார்' என்று எழுதி, கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இருட்டறையில் அந்தப் படத்துக்கு நான் செய்த உபசாரம் கொஞ்சமல்ல. முகத்துக்குக் கையால் நிழல் பிடித்து, வானத்தைக் கறுக்க வைத்து, நான்கு தாள் வீணாக்கி, ஐந்தாவதில் திருப்தி அடைந்தேன். துணை இயக்குநர் அதைப் பார்த்தார். தணிகாசலம் விடுப்பில் இல்லாவிட்டால் படம் துணை இயக்குநர் வரை போயே இருக்காது. "அடடா, என்னய்யா இது, ஏரியோட துக்கமே இந்த முகத்தில இருக்கே" என்றார். பெரிதாக்கச் சொல்லி, சட்டம் போட்டு, மாடியில் தன் அறைக்கு வெளியே மாட்டினார். கீழே ஒரு அட்டையில் 'நீரின் மகள்' என்று எழுதி வைத்தார். வந்தவர் போனவர் எல்லோரும் அதன் முன்னால் நின்று நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். நான் மாடிக்குத் தேவையில்லாத கோப்புகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்வந்தேன்.

அதே படத்தின் சின்னப் பிரதி கன்னியம்மாவின் விண்ணப்பத்தில் இரண்டாவது படமாக ஒட்டப்பட்டிருந்தது. மூன்றாவது வாரம் விண்ணப்பம் திரும்பியது. 'விண்ணப்பதாரர் நீரில் நிற்பதாக மட்டுமே தெரிகிறது. தொழில் கருவி காணப்படவில்லை. மீனவர் என ஏற்க இயலாது.' கீழே துணை இயக்குநரின் கையெழுத்து. அறைக்கு வெளியே முகத்தை மாட்டிவிட்டு, அறைக்கு உள்ளே அதே முகத்தைத் தள்ளியிருந்தார். இரண்டும் ஒரே ஆள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கோப்பை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கன்னியம்மா பொன்னேரி வரை பஸ்ஸிலும் பிறகு ரயிலிலுமாகச் சென்னைக்கு வந்தாள். நேராக எங்கள் பிரிவுக்குத்தான் வந்தாள். தணிகாசலம் விடுப்பு முடிந்து மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"படம் புடிச்ச சார் யாரு? ஆங், நீதானே. இத்தப் படி" என்று கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "எங்க ஊரு வாத்தியாரு படிச்சாரு. தப்பாப் படிச்சுட்டாரோன்னு வந்தேன்."

படித்தேன்.

"இன்னா கீது?"

"தொழில் கருவி இல்லைன்னு இருக்கும்மா."

"எடுக்கச் சொன்னது யாரு?"

கடிதத்தை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"வாயில கீறத எடு, எடுன்னு நீ சொன்னே. எடுத்தேன். இப்ப எங்கன்னு அவுரு கேக்குறாரு. உங்களுக்குள்ள ஒரு பேச்சுப் பேசி வச்சுக்க மாட்டீங்களா? மாசக் கடைசில பட்டியல மூடிடுவாங்களாம். அப்பறம் ஏரில கால வச்சா காவக்காரன் வந்து எறங்காதன்றான். நான் எங்க போயி எறங்கறது, உங்க ஆபீஸ் தொட்டிலயா?"

தணிகாசலம் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். என்னிடம் காண்டாக்ட் தாளையும் பதிவேட்டையும் கேட்டார். பன்னிரண்டு சின்னப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பார்த்தார். டிக்கெட்டை எடுக்கவே இல்லை. அவள் முன்னாலேயே கேட்டார்.

"இந்தம்மா என்ன வேலை பண்றாங்கய்யா?"

"எறா பிடிக்கிறாங்க சார்."

"எதால?"

"கையால."

"புடிச்சத எதுல போடுவாங்க?"

"பறியில சார்."

"பன்னெண்டுல எதுல பறி இருக்கு? வெரல வச்சுக் காட்டு."

கன்னியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அவுரு இன்னா பண்ணுவாரு பாவம், கரையில போட்டுட்டேன்" என்றாள். அவள் எனக்காகப் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

தணிகாசலம் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, கடைசிக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார். 'வாயிலிருந்த பறியை எடுக்கச் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் வரி. "நாளைக்குப் போ" என்றார். "போயி நீ வாயத் தொறக்காத. அவங்க வாய்க்கும் போவாத."

மறுநாள் போனேன். தண்ணீர் வடிகிற நேரம். "இன்னிக்கு இன்னா எடுக்கணும் சார், பல்லா?" என்றாள்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா."

"தோ பாருடா, புத்தி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அதன் பிறகு பேச்சு கிடையாது, பேச வாய் இல்லை. நானும் பேண்ட்டை மடித்துக்கொண்டு கேமராவை நெஞ்சோடு பிடித்தபடி இறங்கினேன். சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. கிட்டே போய்ப் படம் பிடிக்கப் பார்த்தபோது, பறியை வாயிலிருந்து எடுத்து, "கால ஆட்டாத, எறா ஓடிடும். அப்பிடியே மரம் மாதிரி நில்லு" என்று சொல்லிவிட்டு மறுபடி கடித்துக்கொண்டாள். நின்றேன். ஒரு மணி நேரம் என்னை ஒருவர் நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் சேற்றைத் தடவினாள். கை திடீரென்று நிற்கும். பிறகு தண்ணீரிலிருந்து மேலே வந்து மோவாய்க்குக் கீழே பறிக்குள் போகும். எதையும் பார்க்காத பார்வை. பார்ப்பதெல்லாம் கைதான். ஏழாவது படத்தில் கை பாதி வழியில் இருக்கிறது, எறாவின் மீசை தெரிகிறது, பறியின் விளிம்பைக் கடித்த பற்கள் தெரிகின்றன. முகம் கோணியிருக்கிறது. வெளிச்சம் சுமார். வானம் வெளுத்துவிட்டது. அழகு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

தணிகாசலம் அதை எந்த உபசாரமும் இல்லாமல் அச்சிடச் சொன்னார். ஒரு குறிப்பும் எழுதி மாடிக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். படிகளில் நானும் பின்னால் போனேன்.

துணை இயக்குநர் படத்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்தார். "என்ன தணிகாசலம் இது, வாயில என்னமோ கவ்விக்கிட்டு. கோரமா இருக்கே. வெளிய மாட்டியிருக்கமே, அந்தம்மாவும் ஏரிக்காரிதான? அது மாதிரி கௌரவமா ஒண்ணு எடுக்கலாமே."

"அந்தம்மாதான் சார் இது."

அவர் படத்தைக் கிட்டே கொண்டுவந்தார். "அப்போ அந்தப் படத்தையே வைங்களேன்."

"வச்சோம் சார். கருவி இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க."

அவர் படத்தை மேஜைமேல் வைத்தார். "வாய் மூடியிருக்கணும்னு விதி இருக்கே" என்றார்.

"அது முகப்படத்துக்கு சார். இது கருவிப்படம். வலைக்காரன் தோள்ல வலை இருக்கலாம்னா இவங்க வாயில பறி இருக்கலாம். குறிப்புல மூணாவது பாரா."

துணை இயக்குநர் மூன்றாவது பாராவைப் படிக்கவில்லை. மூன்று பாரா எழுதுகிறவரோடு மோதுவதில் அர்த்தம் இல்லை என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். பட்டியலில் கருவி என்ற இடத்தில் 'பறி, வாயில் பிடிப்பது' என்று ஏறியது. அந்தக் குடியிருப்பிலிருந்து மற்ற விண்ணப்பங்களும் அதே வாசகத்தோடு மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தன. எல்லோருக்கும் ஏழாவது படம் போலவே ஒரு படம். எல்லாம் சுமாரான வெளிச்சம்.

அடுத்த வாரம் கன்னியம்மா சங்க உறுப்பினர் பதிவேட்டில் ரேகை வைக்க வந்தாள். ரேகை மேஜை மாடியில் இருந்தது. மையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் சட்டம் போட்ட படத்தின் முன்னால் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் கூட இருந்தோம். தணிகாசலம் வழக்கமான கேள்வியை அவளிடம் கேட்கத் துணியவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை.

"இன்னா சார், என்னிய மாட்டி வச்சிருக்கீங்க" என்றாள். "கீழ இன்னா எழுதிக்கீது?"

"நீரின் மகள்" என்றேன். சொல்லும்போது கூச்சமாக இருந்தது.

"மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்கிக்கீதுன்னு கேட்டியா? தோ, பின்னால சேத்துல நட்ட கம்பு தெரியுது பாரு. நீ எழுந்து நில்லுன்னு சொன்னப்போ அது தண்ணிக்கு மேல ஒரு சாண் நின்னுக்கினு இருந்துச்சு. இதுல தல மட்டும் தெரியுது. தண்ணி ஏறிடுச்சு சார். அன்னிக்குப் பொழப்பு போச்சு. அந்தக் கடுப்புல நிக்கிறேன்."

தணிகாசலம் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நீரின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் அதை இருட்டறையில் தூசி என்று நினைத்து அழிக்கப் பார்த்துப் பிறகு விட்டிருந்தேன். இத்தனை பேர் பார்த்த ஏரியின் துக்கம் ஒரு கம்பின் நுனி.

"இத்த எறக்கிடு சார்" என்றாள் கன்னியம்மா. "எங்க ஆளுங்க யாரனா இங்க ரேக வைக்க வந்தா சிரிப்பாங்க. ஏத்தத் தண்ணியில பறிகூட இல்லாம சொம்மா நிக்கறவள எவன் எறா புடிக்கறவன்னு சொல்லுவான்? நாளைக்கு நீங்களே இத்தப் பாத்துட்டு பேர அடிச்சாலும் அடிப்பீங்க."

நான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். தணிகாசலம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை துணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "படம் எங்கய்யா?"

"அதுல இருக்கறவங்க ஆட்சேபிச்சாங்க சார். இறக்கிட்டேன்."

"ஆட்சேபிக்கிறதுக்கு அவ யாரு?"

"சங்க உறுப்பினர் சார்" என்றேன். "நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."